கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள்

"மனுசனே குண்டடிபட்டுச் செத்துக்கிட்டிருக்கான். இவனுங்களுக்குப் பூனை ஒரு கேடா?"

தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரைக்குப் போகும் சாலையில் உள்ள டீக்கடையில் நண்பர் ஒருவர் கேட்டார். கைப்பேசியில் காஸா ஓடிக்கொண்டிருந்தது. இடிந்த தெருவில் ஓர் இளைஞர் பூனைக் கூண்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கேட்டவர் ஈரமில்லாத ஆள் இல்லை. 2004 சுனாமியில் சொந்தத் தம்பியைப் பறிகொடுத்தவர். எங்கள் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போன நாள் அது. அதனால் அவர் கேள்வியை நான் உதறிவிடவில்லை. டீ ஆறும்வரை யோசித்தேன்.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊசி போடுவது, சினை ஊசி போடுவது, புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு செத்த மாடுகளைக் கணக்கெடுப்பது, இதுதான் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் நான் கண்டது ஒன்று உண்டு. மாட்டை விட்டுவிட்டு வா என்றால் மாட்டுக்காரன் வரமாட்டான். போலீஸ் வந்து இழுத்துப்போனால் வருவான், ராத்திரியே திரும்பிப் போவான். அவனைத் தேடி இன்னொருவன் போவான். ஆட்டையும் மாட்டையும் நாயையும் சேர்த்து வெளியேற்றுவது மனிதனைக் காப்பாற்றும் வேலையில் ஒரு பகுதி. கருணை என்பதெல்லாம் அதற்கப்புறம்.

2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை மூண்டபோது என்ன நடந்தது? பூஞ்ச், ஊரிப் பக்கத்து ஊர்களில் குண்டு விழத் தொடங்கியதும் பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு, ஆண்கள் பலர் மாட்டைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நம் ஊர் ஆட்கள் இதைப் படித்துவிட்டு "பைத்தியக்காரத்தனம்" என்றார்கள். கறவை மாடு வைத்திருப்பவன் அப்படிச் சொல்லமாட்டான். எருமைக்கு இரண்டு வேளை தண்ணி காட்ட வேண்டும், இரண்டு வேளை கறக்க வேண்டும். ஒரு நாள் கறக்காமல் விட்டால் மடி கல்லாய் இறுகும், அடுத்து மடிவீக்கம் வரும், பாலில் சீழும் ரத்தமும் கலந்து வரும். அந்த வீட்டின் மாத வருமானம் அந்த மடியில்தான் இருக்கிறது. பீரங்கி நிற்கட்டும் என்று மடி காத்திருக்காது.

அமெரிக்காக்காரன் இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டான். 2005ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, படகில் நாய்க்கு இடமில்லை என்றதும் "அப்படியானால் நானும் வரவில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டே சட்டம் போட்டார்கள். மத்திய அரசின் பேரிடர் உதவி வேண்டுமென்றால் மக்களை வெளியேற்றும் திட்டத்தில் வீட்டு விலங்குகளுக்கும் வழி சொல்லியிருக்க வேண்டும். நம்மிடமும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது அதில் குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அதிலும் "நியாயமான காரணமின்றி" என்று ஒரு சொல் இருக்கிறது. போரைவிட நியாயமான காரணம் எது? ஆக, தப்பி ஓடுகிறவனைச் சட்டம் கேட்காது, கேட்கவும் கூடாது. கேட்க வேண்டியது அவனை ஓடச்சொன்ன அதிகாரியை. அவரைக் கேட்கும் வரி அந்தப் பிரிவில் இல்லை.

எங்கள் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. அகதி முகாம் என்றுதான் அப்போது பெயர். 2021ல்தான் அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வேலையில் இருந்தபோது ஒருமுறை அங்கே ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடப் போயிருந்தேன். ஓர் அம்மா ஆட்டின் காதை ஒரு கையாலும் தாடையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டைப் பிடிக்கிற பிடியிலேயே தெரியும், பிறந்ததிலிருந்து ஆட்டோடு வளர்ந்தவர் என்று. மன்னார்ப் பக்கம், 1990ல் வள்ளத்தில் வந்தவர். ஊரில் எத்தனை உருப்படி இருந்தது என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"மாடு, ஆடு எல்லாத்தையும் அவிட்டு விட்டிட்டம் ஐயா. நாயைத்தான் கட்டிப்போட்டிட்டு வந்தனாங்கள்."

ஏனம்மா என்றேன்.

"அவிட்டு விட்டா வள்ளம் மட்டும் பின்னால வரும். நாங்கள் கடல்ல இறங்கினாக் குரைக்கும். நேவிக்காரனுக்குக் கேட்டா எல்லாரும் முடிஞ்சுது. பக்கத்து வீட்டு ஆக்களிட்டச் சொல்லிப்போட்டு வந்தனான், விடிய அவிட்டு விடுங்கோ எண்டு. அவையளும் அண்டைக்கே வெளிக்கிட்டினமோ என்னவோ."

ஊசி ஏறியதும் ஆடு துள்ளி ஓடியது. அவர் அடுத்த ஆட்டைப் பிடிக்கப் போனார்.

ஈழத்து இடப்பெயர்வுகளை நாம் மனிதக் கணக்காக மட்டுமே படித்திருக்கிறோம். 1995 அக்டோபர் 30ஆம் தேதி வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் கொட்டும் மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். அத்தனை வீட்டின் தொழுவமும் கோழிக்கூடும் அந்த ஓர் இரவில் ஆளில்லாமல் போயின. வன்னியில் நடந்தது இதைவிட நீளமானது. 2009 ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி விழுந்தது. விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனம் கிழக்கே ஒதுங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு நகர்விலும் கையிலிருப்பது குறைந்தது. தொடக்கத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு, டிராக்டரில் கூரைத் தகரத்தோடு கோழியையும் கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள்தான் கடைசியில் பிள்ளையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு நந்திக்கடலைக் கடந்தவர்கள். பிறகு செட்டிகுளம் மெனிக் ஃபார்ம் முகாமும் முட்கம்பியும். ஊரில் கட்டாக்காலியாய்த் திரிந்த மாடுகள் மேய்ந்த இடமெல்லாம் மிதிவெடி. மாட்டின் கால் அதைச் சொல்லும், அல்லது மாடு தேடிப் போனவரின் கால். அந்த மண்ணில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. 2028ஐக் கெடுவாக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரும் போர்க்களம்தான். கடற்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணி புனித டேவிட் கோட்டை எங்கே என்று கேட்டால் கெடிலம் ஓரத்துச் செங்கல் சுவர்களைக் காட்டுகிறோம். 1690ல் ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கி சுட்டுக் குண்டு விழுகிற தூரம் வரை உள்ள கிராமமெல்லாம் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்தான். இரண்டு வருஷத்தில் அவனே புதுச்சேரிக்குள் முற்றுகையில் மாட்டிக்கொண்டான். உள்ளே சோறு தீர்ந்தது. யானை, ஒட்டகம், குதிரை, பிறகு நாய், பூனை என்று தின்று தீர்த்துவிட்டு 1761 ஜனவரியில் சரணடைந்தார்கள். முற்றுகை நீண்டால் விலங்கின் கதி அதுதான். தின்றவர்களைக் குறை சொல்ல நான் யார்.

டீக்கடை நண்பர் தன் கேள்வியோடு விடவில்லை. "நாய், பூனைன்னு உருகறதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்றார். வெள்ளைக்காரன் செய்தது வேறு. 1939 செப்டம்பரில் ஜெர்மனியோடு போர் அறிவித்த முதல் வாரத்தில், லண்டனில் ஒரு குண்டுகூட விழாத நேரத்தில், லண்டன்வாசிகள் தங்கள் நாய் பூனைகளைத் தாங்களே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். அந்த நகரத்தில் மட்டும் ஏறத்தாழ நான்கு லட்சம் என்று ஆய்வாளர் கணக்கு. தொடர் விமானக் குண்டுவீச்சு தொடங்கியது அடுத்த ஆண்டு செப்டம்பரில். அரசு கொல்லச் சொல்லி உத்தரவு எதுவும் போடவில்லை. விலங்கை நாட்டுப்புறத்துக்கு அனுப்புங்கள், முடியாவிட்டால் கொன்றுவிடுவதே நல்லது என்று ஒரு துண்டுப் பிரசுரம், மற்றதெல்லாம் பீதி. திட்டம் இல்லாத இடத்தில் பீதிதான் திட்டம்.

நம் பக்கம் வாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவன் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வீரனுக்கு ஒரு பெயர், நாய்க்கும் ஒரு பெயர். போரை மாடு பிடிப்பதிலிருந்து தொடங்கி இலக்கணம் வகுத்த கூட்டம் நாம். யாருடைய பழக்கம் என்று இனிமேல் என்னிடம் கேட்கக்கூடாது என்றேன். அவர் வடை வாங்கிக் கொடுத்தார்.

தீனி போடுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரக்கப்பட்டவர்களின் கையால் செத்த மாடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறி நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காட்டுப் பக்கம் ஏறியது. வைக்கோல் போர் எல்லாம் நனைந்து அழுகிப்போனது. மாடுகள் வயிறு ஒட்டிக்கிடந்தன. நிவாரணமாகச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து குவிந்தன. மிஞ்சிய சாம்பார் சாதத்தையும் தயிர் சாதத்தையும் அண்டாவோடு மாட்டின் முன் கவிழ்த்தார்கள். மாடு ஆவலாகத் தின்றது. மறுநாள் பார்த்தால் இடது வயிறு பிசைந்த மாவு போல அழுந்துகிறது, சாணம் தண்ணியாய்ப் புளித்த வாடையோடு போகிறது, மாடு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்துவிட்டது. தழை, வைக்கோலைச் செரிக்கப் பழகிய வயிறு அது. மொத்தமாகச் சோறு இறங்கினால் உள்ளே புளித்து அமிலமாகிவிடும். ஆரம்பத்திலேயே கண்டால் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டித் தேற்றலாம். படுத்தபின் டாக்டர் வந்தும் பல நேரம் பயனில்லை. வெள்ளத்தில் தப்பிய மாட்டைச் சோறு போட்டுக் கொல்வது இப்படித்தான்.

பட்டினி கிடந்த மாட்டுக்கு முதலில் தண்ணீர். அதுவும் ஒரேயடியாக வாளி வாளியாய் வேண்டாம், விட்டு விட்டுக் கொடுங்கள். பிறகு காய்ந்த வைக்கோல். இரண்டு மூன்று நாள் போனபின் ஒரு பிடி தவிடு. அரிசி, கம்பு, சோறு கிட்டவே வரக்கூடாது. நாய்க்கும் அப்படித்தான். நாட்கணக்கில் காய்ந்து கிடந்த நாய்க்கு ஒரு குண்டான் சோறு வைத்தால் வாந்தி எடுக்கும், சுருண்டும் விழும். கஞ்சியாகக் கொஞ்சம், சில மணி நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். பூனை கூப்பிட்டால் வராது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாயைத் துரத்திப் பிடிக்கப் போனால் கடிதான் மிச்சம். அதனால் சோற்றோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போக வேண்டும். ஊசி போடாமல் சோறு மட்டும் போடுகிறவர்களிடம் எனக்கும் சண்டை உண்டு. தெருநாய் விவகாரம் 2025ல் உச்ச நீதிமன்றம் வரை போய், சோறு போடத் தனி இடம் ஒதுக்குங்கள் என்று உத்தரவு வந்த காலம் இது. நிம்மதியான ஊரிலேயே இவ்வளவு பஞ்சாயத்து.

மீனவர் குப்பத்து நாய்க்கு இன்னொரு கணக்கு. சுனாமிக்குப் பிறகு படகுகள் கடலுக்குப் போகவில்லை. மீன் வராத கரையில் மீன் கழிவும் இல்லை. வீட்டில் சோறு போட ஆளும் இல்லை, எல்லோரும் தற்காலிகக் கொட்டகையில். நாய்கள் பழைய இடத்தை விட்டு நகரவே இல்லை. இடிந்த திண்ணையிலேயே படுத்திருந்தன. அப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் நிவாரண அரிசியில் ஒரு பங்கைக் குழையக் காய்ச்சி, தூக்குச்சட்டியில் எடுத்துப்போய் ஊற்றிவிட்டு வருவார்கள். எந்தத் தொண்டு நிறுவனமும் சொல்லிச் செய்ததில்லை. தன் வீட்டு நாய், எதிர் வீட்டு நாய் என்று பேதம் பார்க்காமல் ஊற்றினார்கள். எதிர் வீட்டில் சில பேர் திரும்பி வரவே இல்லை என்பதால்.

சிரியாவில் அலெப்போ நகரத்தில் முகமது அலா அல்ஜலீல் என்றொருவர். அக்கம்பக்கத்தார் ஊரைவிட்டுப் போகப் போக, அவர்கள் விட்டுப்போன பூனைகள் இவர் வாசலில் சேர்ந்தன. தினமும் இறைச்சி வாங்கிப் போட்டார். 2016ல் அவர் நடத்திய காப்பகமும் குண்டுவீச்சில் போனது. டீக்கடை நண்பருக்கு நான் சொன்னது இவர் செய்த இன்னொரு வேலையை. இவர் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். இடிபாட்டிலிருந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அதே கைதான். மனிதனா பூனையா என்று நாம்தான் இங்கே உட்கார்ந்து பட்டிமன்றம் வைக்கிறோம். குண்டு விழும் ஊரில் இரண்டையும் செய்வது பெரும்பாலும் ஒரே ஆள்.

ஆனால் நண்பர் பக்கமும் நியாயம் உண்டு என்று எனக்குப் பட்ட ஓர் இடம் காபூல். 2021 ஆகஸ்டில் பிரிட்டனின் முன்னாள் வீரர் பென் ஃபார்த்திங் தன் காப்பகத்து நாய் பூனைகளை நூற்றுக்கு மேல் தனி விமானத்தில் கொண்டுபோனார். அவரிடம் வேலை பார்த்த ஆப்கானியர்களால் அந்த விமானத்தில் ஏற முடியவில்லை. பிறகுதான் பாகிஸ்தான் வழியாகத் தப்பினார்கள். விமான நிலைய வாசலில் ஆயிரக்கணக்கானோர் நெரிந்துகொண்டிருந்த நேரம் அது. எனக்கு அது உவப்பாக இல்லை. விலங்கைப் போர்க்களத்திலிருந்து சீமைக்கு ஏற்றுமதி செய்வது படம் பிடிக்க அழகாக இருக்கும். அந்தக் காசில் உள்ளூர்க்காரன் பத்துப் பேருக்குச் சம்பளமும் தீவனமும் மருந்தும் கொடுத்தால் எத்தனையோ மடங்கு உயிர் நிற்கும். வளர்த்தவரே கையோடு தூக்கிவந்தால் அது வேறு. 2022ல் உக்ரைனிலிருந்து கேரள மாணவி ஒருவர் தன் ஹஸ்கிக் குட்டியோடு வந்தபோது, இந்திய அரசு வளர்ப்பு விலங்குக்கான இறக்குமதி விதிகளை ஒருமுறைக்கென்று தளர்த்தியது. நல்ல காரியம். அதே தளர்வு செல்லநாய் இல்லாத, நான்கு வெள்ளாடு மட்டும் வைத்திருக்கிற கிழவிக்கும் வேண்டும். அவளிடம் யாரும் கேமராவை நீட்டுவதில்லை.

நமக்கு வருவோம். அதே 2025 மே மாதச் சண்டையில், சிந்தூர் நடவடிக்கை நேரத்தில் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடத்தினார்கள். டிவியில் பார்த்தேன். ஸ்ட்ரெச்சர், தீயணைப்பு வண்டி, சைரன், எல்லாம் இருந்தன. ஒரு வெள்ளாடு கண்ணில் படவில்லை. புயலுக்கும் நாம் அப்படித்தான் ஒத்திகை பார்க்கிறோம். செத்த பிறகுதான் கணக்கு சுத்தமாக இருக்கிறது: பசுவுக்கும் எருமைக்கும் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. நாய்க்கு ஒன்றுமில்லை. கால்நடை முகாம் அமைக்கவும் தீவனத்துக்கும் பேரிடர் நிதியில் விதி இல்லாமல் இல்லை. தண்ணீர் ஏறும் முன்பே அதை எடுத்துச் செலவழிக்க யாருக்கும் கை வருவதில்லை. வங்கதேசத்தில் 1970 புயலுக்குப் பிறகு கடலோரத்தில் மண்ணைக் குவித்து மேடுகள் எழுப்பினார்கள். முஜிப் கில்லா என்று பெயர். மனிதரும் மாடும் சேர்ந்து ஏறி நிற்கலாம். நாம் கட்டிய பேரிடர் மையங்கள் தூண் மேல் நிற்கும் கான்கிரீட் கட்டடங்கள். படிக்கட்டில் மாடு ஏறாது. பக்கத்திலேயே ஒரு மேட்டுக்கு எவ்வளவு மண் தேவைப்படும் என்று பொதுப்பணித் துறைக்காரர்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

அவிழ்த்துவிட்டால் மாடு ரோட்டுக்கு வரும், அடுத்தவன் நடவை மேயும், எல்லையில் கண்ணிவெடியில் கால் வைக்கும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். அதனால்தான் கூட்டிக்கொண்டு வருவது முதல் வழி, அவிழ்த்துவிடுவது இரண்டாவது வழி. கட்டிப்போட்டுவிட்டு வருவது மட்டும் வழியே இல்லை. கட்டிய மாடு தண்ணீர் மூக்குக்கு வரும்வரை முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து, கயிறு இறுகி, தலை தாழ்ந்து சாகிறது. கணக்கெடுக்கப் போகிறவனுக்குக் கயிற்றின் நீளம் தெரியும்.

வருகிற செப்டம்பரில் ஆட்சியர் அலுவலகத்தில் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கும். மீன்வளத் துறை, மின்வாரியம், காவல் துறை எல்லோரும் வருவார்கள். கால்நடை மருத்துவர் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரை முன்னால் கூப்பிட்டு, எந்தப் பள்ளி மைதானத்தில் மாடு கட்டலாம், எத்தனை லோடு வைக்கோல், யாரிடம் வாங்குவது என்று பெயர் குறித்து எழுதிவாங்குங்கள். எல்லை மாவட்டங்களில் இதே தாளைப் போருக்கும் வைத்துக்கொள்ளலாம், தலைப்பை மட்டும் மாற்றினால் போதும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வெளியேறச் சொல்லும் அறிவிப்பில் இரண்டு வரி கூடுதலாகச் சேருங்கள்: ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு இன்ன மைதானத்துக்கு வாருங்கள், முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வராதீர்கள். ஆட்டோ வாடகை அதற்காக ஒரு ரூபாய் ஏறாது.